ஐந்து கால் பின்னல்

ஜூலை 3, வியாழன்

நூல் தைத்த நோட்டு ஒன்று வாங்கியிருக்கிறேன். இதில் நடந்ததை மட்டும் எழுதுவதாக உத்தேசம். எங்கள் பிளஸ் ஒன் வகுப்பில் டைரி எழுதுகிறவர்கள் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருத்தி எழுதுவது முழுக்க அவள் சாப்பிட்டது. இன்னொருத்தி எழுதுவது முழுக்க அவளை யார் யார் முறைத்தார்கள் என்பது. இருபது வருடம் கழித்து அவற்றைப் படிக்கப்போகும் பிள்ளைகளை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

இன்று பள்ளிக்கு ரோபோ கை வந்தது. பழைய மாணவி யாரோ சிங்கப்பூரிலிருந்து அனுப்பியது. அலுமினியக் கை; தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் எல்லாவற்றிலுமாக ஆறு செர்வோ மோட்டார். அடித்தட்டில் உள்ளங்கை அளவு ஒரு கண்ட்ரோலர் போர்டு. லேப்டாப்பில் நாம் கட்டளை அடித்தால் போர்டு அதைக் கேட்டு மோட்டாரைத் திருப்பும். இருபத்தைந்தாம் தேதி மாவட்ட அறிவியல் கண்காட்சி. அதற்குள் இந்தக் கை ஒரு சாக்பீஸை எடுத்து டம்ளரில் போட வேண்டும்.

ஆக்னஸ் மிஸ் (இயற்பியல்) மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தார். நான், ஏனென்றால் நான் படிப்பேன். சௌபர்ணிகா, ஏனென்றால் அவள் இங்கிலீஷ் பேசுவாள். ஒரு பத்தியை மூச்சு விடாமல் சொல்வாள்; அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் அப்போதுதான் மூச்சு விடுவாள். மூன்றாவது ஷர்மிளா பானு. பேகம்பூரில் அவள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, மிக்சி, டேபிள் ஃபேன் ரிப்பேர் கடை. ஈயத்தை உருக்கி ஒயரை ஒட்டுவது, அதுதான் சால்டர், போடத் தெரியும். இதுவரை ஒரு புத்தகத்தையும் கடைசிவரை படித்ததில்லை என்பதை வெட்கமில்லாமல் சொல்கிறாள்.

கண்காட்சிப் படிவத்தில் இரண்டு பெயருக்குத்தான் இடம். பேசுவதற்கு சௌபர்ணிகா எப்படியும் போவாள். மிச்சம் ஒரு இடம். பதினாறாம் தேதி மிஸ் முடிவு செய்வார். எனக்கு இதில் கவலை இல்லை.

கையோடு வந்த குறிப்பேடு நாற்பத்து நாலு பக்கம். முதல் ஏழு பக்கம் ‘ஆரம்ப நிலையினருக்கு’ என்று போட்டிருந்தது. பெட்டியைத் திறப்பது எப்படி என்று சொல்லித்தருவார்கள்போல. எட்டாம் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன்.

ஜூலை 4, வெள்ளி

லேப்டாப்பும் கண்ட்ரோலரும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. நடுவில் கட்டைவிரல் அளவு ஒரு சின்ன போர்டு இருக்கிறது. லேப்டாப்பிலிருந்து வரும் யு.எஸ்.பி. கேபிள் அதன் இரும்பு வாயில் செருகும். அதிலிருந்து மூன்று ஒயர் கண்ட்ரோலருக்கு: சொல்வதற்கு மஞ்சள், கேட்பதற்குப் பச்சை, பிறகு ஒரு கறுப்பு. தவிர, மோட்டாருக்கான பேட்டரியிலிருந்து ஒரு சிவப்பும் ஒரு கறுப்பும். ஆக ஐந்து ஒயர்.

சீரியல் என்றால் எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே ஒயரில் போவது. ரேஷன் கடை வரிசை மாதிரி என்று பானுவுக்கு விளக்கினேன்.

“ரேஷன் கடையில வரிசை எங்கடி இருக்கு,” என்றாள்.

எனக்குக் கிடைத்த குழு இதுதான். கட்டளைகள் அடித்தோம். கை அசையவில்லை.

ஜூலை 5, சனி

ஒன்பது நாளைக்குப் பிறகு குழாயில் தண்ணீர் வந்தது. பதினான்கு குடம், இரண்டு டிரம். அம்மாவுக்கு முதுகு வலி என்பதால் எல்லாம் நான்.

ஜூலை 7, திங்கள்

நான் இருபத்து மூன்றாம் பக்கம் படித்துக்கொண்டிருக்கும்போது பானு மஞ்சள் ஒயரையும் பச்சை ஒயரையும் பிடுங்கி மாற்றிச் செருகினாள்.

“என்ன பண்றே?”

“நீ படி. நான் மாத்திப் பாக்குறேன்.”

மாற்றியதும் போர்டு முதல்முறையாக ஏதோ பதில் அனுப்பியது. ஒருவர் வாய்க்கு எதிரே இன்னொருவர் காது இருக்க வேண்டும் என்பது இருபத்து நாலாம் பக்கத்தில் தெளிவாகவே இருக்கிறது. இன்னும் ஐந்து நிமிடத்தில் நானே அங்கே போயிருப்பேன். காரணம் தெரியாமல் மாற்றிப் பார்ப்பதற்குப் பெயர் ஆராய்ச்சி அல்ல. குரங்கும் செய்யும்.

வந்த பதில் வெறும் கட்டமும் கேள்விக்குறியும்.

ஜூலை 8, செவ்வாய்

இன்று நான் கண்டுபிடித்தேன். லேப்டாப் ஒரு வேகத்தில் பேசுகிறது, போர்டு வேறொரு வேகத்தில் கேட்கிறது. லேப்டாப் 9600, போர்டு 38400. போர்டின் ஓரத்தில் முள்களில் மாட்டியிருக்கும் இரண்டு குட்டி பிளாஸ்டிக் தொப்பிகளை இடம் மாற்றினால் வேகம் மாறும். மாற்றினேன். கட்டமும் கேள்விக்குறியும் போய் எழுத்துகள் வந்தன. பக்கம் 31. இதை மாற்றிப் பார்த்தெல்லாம் கண்டுபிடிக்க முடியாது.

சௌபர்ணிகா கைதட்டினாள். என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. அவள் எதற்கும் கைதட்டுவாள்.

ஜூலை 9, புதன்

ஒவ்வொரு கட்டளையின் முடிவிலும் எண்டர் போக வேண்டுமாம். அது வராதவரை போர்டு, நாம் இன்னும் பேசி முடிக்கவில்லை என்று மரியாதையாகக் காத்திருக்கிறது. எங்கள் வகுப்பில் யாருக்கும் இந்தப் பண்பு கிடையாது.

சரிசெய்தேன். மாலை நாலு பத்துக்குக் கை சாக்பீஸை எடுத்து டம்ளரில் போட்டது. பன்னிரண்டு தடவை. பானு மோட்டாரில் கை வைத்துச் சூடு பார்த்துக்கொண்டிருந்தாள். சௌபர்ணிகா பன்னிரண்டு தடவையும் கைதட்டினாள்.

ஜூலை 10, வியாழன்

ஆக்னஸ் மிஸ் வந்து பார்த்தார்.

“வேலை செய்யுது, சரி. இது என்னம்மா, குருவிக்கூடு மாதிரி ஒயரு? நேர்த்திக்குப் பத்து மார்க் இருக்கு.”

டேப் சுற்றிவிடலாம் என்றாள் பானு. அவள் அழகுணர்ச்சி அவ்வளவுதான். ஒயர்களைப் பின்னிவிடலாம் என்று நான் சொன்னேன். மிஸ்ஸுக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்தது. ஆண்கள் பள்ளிக்காரர்களுக்கு இது தோன்றவே தோன்றாது என்றார்.

தலைமுடியில் நாலு பிரி எடுத்துப் போடும் நாலு கால் பின்னல் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரும். ஐந்து கால் பின்னலை நான் விரும்புவதில்லை. அது பாய் மாதிரித் தட்டையாக விழும்; பார்வையாக இராது. இருப்பதோ ஐந்து ஒயர். ஆனால் அதில் இரண்டு கறுப்பு, இரண்டும் கண்ட்ரோலரில் ஒரே முனையில்தான் போய்ச் சேர்கின்றன. ஒரே வேலைக்கு இரண்டு ஆள் எதற்கு. சின்ன போர்டிலிருந்து வந்த கறுப்பை எடுத்துவிட்டேன்.

பின்னல் மிக நேர்த்தியாக அமைந்தது. முனையில் ரிப்பன்கூடக் கட்டலாம். கட்டவில்லை. நான் சௌபர்ணிகா அல்ல.

ஜூலை 11, வெள்ளி

காலையில் கை அசையவில்லை. பானு பின்னலை எடுத்து ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விரலால் தடவிக்கொண்டே போனாள்.

“இன்னொரு கறுப்பு எங்க?”

விளக்கினேன்.

“எங்க அத்தா கறுப்புல மட்டும் கை வைக்க விட மாட்டாரு.”

“மிக்சி வேற, இது வேற.”

“அது சரி,” என்று சொல்லிவிட்டுச் சற்று நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு, “அடித்தட்டு ஆடுது,” என்று தன் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து கையின் அடித்தட்டுக் கால் ஒன்று அதற்குள் நிற்கும்படி நுழைத்தாள். சின்ன போர்டையும் எடுத்து, அதன் இரும்பு வாய் பெட்டியின் மூடியில் படும்படி சாய்த்து வைத்தாள். அந்தப் பெட்டி ஆறாம் வகுப்பிலிருந்து அவளிடம் இருக்கிறது. பெயிண்ட் முழுக்க உரிந்து வெறும் தகரம்.

கை ஓடியது. ஆக, தட்டு ஆடியதுதான் காரணம். நாள் முழுக்க ஒரு தவறும் இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

வீட்டு மிக்சி ஓடவில்லை. தேங்காய்ச் சட்னிக்குப் பதில் பொடி. அம்மா நாளைக்கு எங்கோ கொடுத்துப் பார்ப்பாளாம்.

ஜூலை 14, திங்கள்

மாவட்டக் கண்காட்சியில் துருப்பிடித்த ஜாமெட்ரி பாக்ஸை வைத்துக்கொண்டு நிற்க முடியாது. அதை எடுத்துவிட்டு என் அகராதியை வைத்தேன். தடிமன் கச்சிதமாகப் பொருந்தியது. பார்க்கவும் ஒரு கௌரவம்.

மத்தியானம் கை உதற ஆரம்பித்தது. சொன்னதைக் கேட்கவில்லை. சொல்லாததைச் செய்தது.

“பாக்ஸ மறுபடி வைடி,” என்றாள் பானு.

“அது அசிங்கமா இருக்கு.”

“அப்ப அந்தக் கறுப்ப வை.”

“இந்த புக்குல ஒரு பக்கமாவது படிச்சிருக்கியா நீ?”

“இல்ல.”

“நான் முப்பத்தேழு பக்கம் படிச்சிருக்கேன்.”

பானு பாக்ஸைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். படித்தவர்களிடம் வாதாடுகிறவர்களுக்குக் கடைசியில் இப்படித்தான் ஆகும். 

ஜூலை 15, செவ்வாய்

கல்வி வளர்ச்சி நாள். விருந்தினர்களுக்கு ரோபோவைக் காட்டலாம் என்று எச்.எம். மிஸ் நாலு பேரை ஆய்வகத்துக்கு அழைத்து வந்தார். சௌபர்ணிகா பத்தியை ஆரம்பித்தாள். நான் கட்டளையை அடித்தேன். கை இரண்டு தடவை நடுங்கிவிட்டு டம்ளரைத் தட்டிவிட்டது. சாக்பீஸ் நன்றாக விழ வேண்டும் என்று சௌபர்ணிகா டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தாள். அந்த அறிவியல் எனக்கு இன்னும் புரியவில்லை. தண்ணீர் முழுவதும் எச்.எம். மிஸ்ஸின் பட்டுச் சேலையில்.

“பரவால்ல, பரவால்ல,” என்றார் எச்.எம். மிஸ். ஆக்னஸ் மிஸ்ஸைப் பார்த்த பார்வையில் ஒரு பரவாயில்லையும் இல்லை.

ஜூலை 16, புதன்

ஆக்னஸ் மிஸ் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். நாங்கள் மூவரும் நின்றோம்.

“யாரு பண்ண தப்பு இது?”

பானு சொன்னாள்: “ஒரு கறுப்பு ஒயர் இல்ல மிஸ். அது இருந்தா ஓடும்.”

மிஸ் என்னைப் பார்த்தார். இந்தப் பள்ளியில் எந்த ஆசிரியரும் இப்படி ஒரு கேள்விக்குப் பானுவைப் பார்க்க மாட்டார்கள்.

இரண்டு கறுப்பும் ஒரே முனைக்குப் போகின்றன, ஒன்று அதிகப்படி என்று சொன்னேன். விட்டு விட்டு வருகிற கோளாறுக்குப் பெரும்பாலும் காரணம் சால்டர் சரியாகப் பிடிக்காததுதான் என்று நாற்பதாம் பக்கத்தில் இருக்கிறது, அதையும் சொன்னேன். பக்க எண்ணோடு சொன்னேன்.

“சால்டர் யாரு போட்டது?”

“பானு மிஸ்.”

நான் பொய் சொல்லவில்லை. சால்டர் போட்டது பானுதான். நாற்பதாம் பக்கத்தில் அப்படித்தான் இருக்கிறது.

மிஸ் படிவத்தில் இரண்டு பெயரை எழுதினார். என் பெயர் மங்கையர்க்கரசி; நீளமான பெயர். கட்டத்துக்குள் அடங்காமல் கடைசி இரண்டு எழுத்து வெளியே போய்விட்டது.

பானு, “நான் வச்ச சால்டர் விடாது மிஸ்,” என்று மட்டும் சொன்னாள். மிஸ் அதற்குள் மூடியைப் பேனாவில் மாட்டிவிட்டார்.

ஜூலை 17, வியாழன்

பானு ஆய்வகத்துக்கு வரவில்லை. வகுப்பில் எனக்கு முன் பெஞ்சில்தான் உட்கார்கிறாள். இன்று ஐந்து கால் பின்னல் போட்டுக்கொண்டு வந்திருந்தாள், தட்டையாக, ஒரு முடி பிசகாமல். வேதியியல் பாடம் முழுக்க அது என் கண் முன்னால் இருந்தது. எரிச்சலாக இருந்தது.

ஜூலை 18, வெள்ளி

பானு வைத்த எல்லா ஒட்டுகளையும் உருக்கி எடுத்துவிட்டு நானே புதிதாக வைத்தேன். அவளுடையவை மணி மணியாகப் பளபளவென்று இருந்தன. என்னுடையவை மென்று துப்பிய சூயிங்கம் போல இருக்கின்றன. தோற்றம் முக்கியமல்ல. ஆள்காட்டி விரலில் கொப்புளம்.

கை உதறுகிறது.

ஜூலை 20, ஞாயிறு

மிக்சி வந்துவிட்டது. அம்மா சொன்னாள்:

“பேகம்பூர் கடையில குடுத்தேன். ஒன்னோட யூனிஃபார்ம் போட்ட புள்ளதான்டி ஒக்காந்து பத்த வச்சுக் குடுத்துச்சு. உள்ள ரெண்டு ஒயரு விட்டுப்போச்சாம். ஒங்கூடப் படிக்கிற புள்ளையா?”

“தெரியல,” என்றேன்.

சட்னி அரைத்தோம். மிக்சி ஓடுகிறது.

ஜூலை 21, திங்கள்

சௌபர்ணிகா தன் பத்தியை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே ஆய்வகத்தைச் சுற்றி நடந்தாள். பிறகு என் முன்னால் நின்றாள்.

“ஒண்ணு சொல்லவா மங்கை? பானு இருந்தப்ப ஓடுச்சு.”

“அது ராசி கிடையாது. சீரியல் கம்யூனிகேஷன்.”

“நான் ராசின்னு சொல்லலையே. ஓடுச்சுன்னு சொன்னேன். எங்க அப்பா வேற வெள்ளிக்கிழமை கடையை மூடிட்டு வந்து வீடியோ எடுக்கப் போறாரு. இது அங்க வந்து சும்மா நின்னா நான் என்னடி பேசுவேன்?”

இந்த வருடத்தில் அவள் சொன்ன முதல் உருப்படியான வாக்கியம். அதுவும் தமிழில்.

ஜூலை 22, செவ்வாய்

இதை மற்றவர்கள் செய்திருக்க மாட்டார்கள். இந்த டைரியையே எடுத்து, கை ஓடிய நேரங்களுக்குப் பச்சை மையிலும் ஓடாத நேரங்களுக்குச் சிவப்பு மையிலும் குறி போட்டேன். ஒன்பதாம் தேதி பச்சை. பதினொன்றாம் தேதி காலை சிவப்பு. பானு தன் பெட்டியை வைத்த பிறகு பச்சை. பதினாலாம் தேதி பெட்டியை எடுத்து அகராதியை வைத்த பிறகு சிவப்பு. அன்றிலிருந்து முழுக்கச் சிவப்பு.

பெட்டியும் அகராதியும் ஒரே தடிமன். ஒன்று தகரம், மற்றது காகிதம்.

மத்தியானம் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியிடம் தகர ஜாமெட்ரி பாக்ஸ் கடன் வாங்கினேன். பானு செய்த மாதிரியே திறந்து கையின் ஒரு காலை உள்ளே நிறுத்தி, சின்ன போர்டின் இரும்பு வாயை மூடியில் சாய்த்தேன். கை சாக்பீஸை எடுத்து டம்ளரில் போட்டது. பெட்டியை உருவினேன். உதறியது. வைத்தேன். போட்டது. ஒன்பது தடவை செய்தேன். அந்தப் பிள்ளை, “அக்கா, எனக்குக் கணக்கு பீரியடு,” என்று அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து குறிப்பேட்டின் முதல் ஏழு பக்கங்களைப் படித்தேன். நாலாம் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறது: முதலில் கறுப்பு ஒயரை இணைக்கவும். இரண்டு போர்டுகளுக்கும் பூஜ்யம் எது என்பது அதன் வழியாகத்தான் தெரியும். பேட்டரியின் கறுப்பு இதற்கு மாற்று ஆகாது. இது இல்லாவிட்டாலும் சில சமயம் வேலை செய்வதுபோல் இருக்கும், நம்ப வேண்டாம்.

கையின் அலுமினியக் கால் கண்ட்ரோலரின் கறுப்பு முனையோடு சேர்ந்தது. சின்ன போர்டின் இரும்பு வாய் அதன் கறுப்போடு சேர்ந்தது. நான் எடுத்துவிட்ட ஒயரின் வேலையை நாலு நாள் அந்தத் துருப்பிடித்த டப்பா பார்த்திருக்கிறது. தட்டு ஒரு நாளும் ஆடவில்லை. இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அது ஆடியதாக பானு சொன்னதைத் தவிர வேறு ஆதாரம் என்னிடம் இல்லை.

பத்தாம் தேதிப் பக்கத்தைப் படித்தேன். கிழித்துவிடலாம்தான். ஆனால் நூல் தைத்த நோட்டு; ஒரு தாளைக் கிழித்தால் அதன் மறுபாதி தானாகக் கழன்று வரும். மறுபாதியில் என்ன எழுதியிருக்கிறேன் என்று பார்த்தேன். ஒன்றும் எழுதவில்லை. அது இன்னும் வராத பக்கம்.

ஜூலை 23, புதன்

கறுப்பு ஒயரைத் திரும்ப வைத்தேன். பின்னலுக்கு வெளியே நூலால் கட்டியிருக்கிறது. கை இருபது தடவை தவறாமல் போட்டது.

“பாத்தியா,” என்றார் ஆக்னஸ் மிஸ். “அந்தப் பொண்ணு வச்சதை எல்லாம் எடுத்துட்டு நீயா பண்ணதும் எப்படி ஓடுது. படிக்கிற பிள்ளை கைல குடுத்தா இதான்.”

சரிங்க மிஸ் என்றேன். சீருடைக்கு இஸ்திரி போட்டேன். இரவு உப்புமா.

ஜூலை 24, வியாழன்

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பானு வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். நாலு வாக்கியம் தயாரித்து வைத்திருந்தேன். முதல் வாக்கியத்திலேயே நிறுத்திவிட்டாள்.

“தெரியும். கறுப்ப வச்சுட்டே. காலைல எட்டிப் பாத்தேன்.”

“பெட்டி வச்சது அதுக்காகத்தானா?”

“பின்ன? ஒயரச் சொன்னா நீ கேக்க மாட்டே. தட்டு ஆடுதுன்னா கேப்பே. கேட்டியா இல்லையா?”

அவள் டிபன் பாக்ஸை மூடினாள்.

“ஒண்ணு மட்டும் சொல்லு. அந்தக் கறுப்ப எதுக்குடி எடுத்தே? நெசமா.”

இந்த டைரியில்கூட எழுதாததை அவளிடம் சொன்னேன். எனக்கு ஐந்து கால் பின்னல் போட வராது. பல தடவை முயன்றிருக்கிறேன். நாலாவது காலுக்குப் பிறகு எது எதன் மேல் போகிறது என்று எனக்குத் தெரிவதில்லை.

பானு என்னைப் பார்த்தாள். நான் சௌபர்ணிகாவைப் பார்ப்பேனே, அந்தப் பார்வை. அதை எதிர்ப்பக்கத்திலிருந்து நான் பார்த்ததில்லை.

“சரி, போய் மிஸ்கிட்டச் சொல்லு,” என்றாள்.

மிஸ்ஸிடம் சொன்னேன். மிஸ் முதலில் கதவைச் சாத்தினார்.

“படிவம் போயாச்சு மங்கை. நாளைக்குக் காலைல கண்காட்சி. இப்ப வந்து இதைக் கெளறி யாருக்கு என்ன? கை ஓடுதுல்ல?”

“ஓடுது மிஸ்.”

“அப்புறம் என்ன. போ, போய் நல்லாத் தூங்கு.”

நான் போய்க் கண்காட்சி விதிமுறைகளைப் படித்தேன். இந்தத் தடவை முதல் வரியிலிருந்து. எட்டுப் பக்கம். யாரும் புரட்டாத இரண்டாம் பக்கத்தில், மூன்றாம் விதி: முந்தைய நாள் மாலை ஐந்து மணிக்குள் தலைமையாசிரியரின் கடிதம் கொடுத்தால் ஒரு மாணவருக்குப் பதில் இன்னொருவரை அனுப்பலாம். கடிதத்தில் காரணம் எழுத வேண்டும்.

மணி நாலே கால். எச்.எம். மிஸ்ஸிடம் போனேன். அவர் ஆக்னஸ் மிஸ்ஸைக் கூப்பிட்டார். ஆக்னஸ் மிஸ் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, பிறகு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். எச்.எம். மிஸ் கடிதத்தை என் பக்கம் தள்ளினார்.

“காரணம்னு இருக்கற எடத்துல ஒடம்பு சரியில்லன்னு எழுது. முடிஞ்சது.”

எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. இப்படி எழுதினேன்: ‘கறுப்பு ஒயரை எடுத்தது நான். சால்டர் சரியில்லை என்று சொல்லிப் பழியை ஷர்மிளா பானு மேல் போட்டதும் நான். அவர் வைத்த சால்டரில் குறை எதுவும் இல்லை.’ காரணத்துக்கு ஒரு வரிதான் விட்டிருந்தார்கள். மூன்று வரி ஆயிற்று.

எச்.எம். மிஸ் கண்ணாடியைப் போட்டுப் படித்தார்.

“இதை அங்க யாரும்மா உக்காந்து படிக்கப் போறாங்க?”

“ஆக்னஸ் மிஸ் படிச்சாப் போதும் மிஸ்.”

ஆக்னஸ் மிஸ் கையை நீட்டிக் கடிதத்தை வாங்கிப் படித்தார். முழுதாகப் படித்தார். முத்திரை வைக்கும்போது மணி நாலு நாற்பது.

ஜூலை 25, வெள்ளி

ஏழரைக்கு வேன் போனது. நான் மாடி வராந்தாவிலிருந்து பார்த்தேன். பானு மடியில் ரோபோ கையை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். சௌபர்ணிகா அவளிடம் பத்தியை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். பானுவை நினைத்து முதல்முறையாகப் பரிதாபப்பட்டேன்.

நாள் முழுக்கப் பாடம். ஒன்றும் மனதில் ஏறவில்லை. இதுவரை இப்படி ஆனதில்லை.

நாலரைக்குத் திரும்பினார்கள். இரண்டாம் பரிசு. முதல் பரிசு ஒரு எரிமலைக்கு. சோடா உப்பும் வினிகரும், மேலே சிவப்புச் சாயம். நடுவர்கள் யாரென்று தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லை. ஒரு நடுவர் மட்டும் ஒயரைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு இதைப் பின்னியது யார் என்று கேட்டாராம்.

ஆய்வகத்தில் கையை மேசைமேல் வைத்தபோது பார்த்தேன். என் பின்னல் இல்லை. பானு வேனிலேயே பிரித்துவிட்டுப் புதிதாகப் போட்டிருக்கிறாள். ஐந்து கால். மஞ்சள், பச்சை, சிவப்பு, இரண்டு கறுப்பு. பாய் மாதிரித் தட்டையாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல். நான் வைத்த ஒட்டுகளும் இல்லை. அந்த இடங்களில் மணி மணியாகப் பளபளத்தது.

“சால்டரை எப்பப் போட்டே?”

“நேத்து சாயங்காலம். ஆக்னஸ் மிஸ் வந்து சாவி குடுத்தாங்க. நீ வச்சதப் பாத்து அவங்களே தலையில அடிச்சுக்கிட்டாங்க.”

பெஞ்சுக்கு அடியில் துண்டு ஒயர்கள் கிடந்த டப்பாவை இழுத்து, ஒரு முழ நீளத்தில் ஐந்தை எடுத்து, ஒரு முனையில் முடிச்சுப் போட்டு என் முன்னால் எறிந்தாள்.

“வரலைன்னா வரலைன்னு சொல்ல வேண்டியதுதான? இதுக்குப் போயி முப்பத்தேழு பக்கம்.”

“நாப்பத்து நாலு,” என்றேன். “மிச்சத்தையும் படிச்சுட்டேன்.”

“போடு,” என்றாள்.

போட்டேன். நாலாவது காலில் சிக்கியது. பிரித்துவிட்டு மறுபடி போட்டேன். மூன்றாம் தடவை கடைசிவரை வந்துவிட்டது. பானு அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விரலால் தடவிக்கொண்டே போனாள்.

“கேவலமா இருக்கு,” என்றாள்.

இருந்தது. பிரித்து என்னிடமே கொடுத்தாள்.